ஏழாம் வரிசை

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று.
போலந்துச் சுவாமிக்கு என் ஜெர்மன் விளங்கியதோ இல்லையோ,
கையை உயர்த்தினார்.
ஞாயிறு நற்கருணை.
பாப்பரசரின் கருத்துக்காகப் பரலோக மந்திரம் ஒன்று,
பிரியதத்தம் ஒன்று,
கிரெஃபெல்ட் டிராமில், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே.
மிச்சம் கல்லறை மட்டும்.
நவம்பர் எட்டுக்குள் போய் வேண்டிக்கொண்டால்
உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஓர் ஆத்துமம் வெளியே வரும்.
என் கணக்கில் அது நீக்கிலாஸ்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு,
ஞானோபதேசத்தில் கடைசி வரி:
பாவத்தின்மேல், அற்பப் பாவத்தின்மேலும்,
துளிப் பற்று இருக்கக் கூடாது.
அறுபத்தெட்டு வயதில்
முழங்காலுக்குள் இரும்பு வைத்தவளுக்கு
என்ன பற்று என்று நினைத்தேன்.

மழை.
ஒன்றரை யூரோ சிவப்பு விளக்கு
நீக்கிலாஸின் காலடியில் நாலாவது குச்சிக்குப் பற்றியது.
திரும்பும் வழியில் ஏழாம் வரிசை.
கஸ்பார்.
எங்கள் சீட்டைப் பிடித்தவன்,
தொண்ணூற்றொன்பதில்
பதினோராயிரம் மார்க்கை எங்கே வைத்தேன் என்று சொல்லாமல்
மாரடைப்பில் படுத்தவன்.

அவன் கல்லில் மஞ்சள் ஒட்டுத்தாள்:
இருபத்தைந்து ஆண்டுக் குத்தகை முடிந்தது,
உரியவர் அலுவலகத்துடன் தொடர்புகொள்ளவும்.
இங்கே குழியும் வாடகைக்குத்தான்.
உரியவர் ஒருவருமில்லை.
தை பிறந்தால் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள்.

எனக்குள் ஏதோ இனித்தது,
கடிக்காமல்
நாக்கடியில் கரையவிட்ட பனங்கட்டி போல.

வெறுப்பைச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறேன், ஆறு முறை.
மன்னித்தேன் என்றும் சொன்னேன், பொய்யில்லை.
ஆனால் அந்தக் கதை.
எந்தச் சாமத்திய வீட்டிலும் சாப்பாட்டுக்குப் பிறகு
என்னைத்தான் கேட்பார்கள்.
காசு எண்ணும்போது கஸ்பார் தும்மும் தும்மலை
அப்படியே செய்து காட்டுவேன்.
பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள்.
பணத்தை எப்போதோ விட்டுவிட்டேன்,
தும்மலை விடவில்லை.

அவன் முன்னால் நின்று விசுவாசப் பிரமாணம் தொடங்கினேன்.
பாவப் பொறுத்தல் என்ற இடத்தில்
எனக்கே தும்மல் வந்தது.
யாரும் பார்க்கவில்லை.
சிரிப்பும் வந்தது,
அது எந்தப் பக்கத்துச் சிரிப்பென்று
எனக்குத் தெரியவில்லை.

இன்று பரிபூரணம் இல்லை, நீக்கிலாஸ்.
குறைப்பலன்தான், எவ்வளவென்று கடவுள் நிறுக்கட்டும்.
நாளை ஆறாம் திகதி,
காலைப் பூசைக்கும் போகலாம்,
எட்டுவரை நாள் இருக்கிறது.

ஒட்டுத்தாளிலிருந்த தொலைபேசி எண்ணை
மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.
எதற்கென்று கேட்காதே.