டும்புவின் பை

பகாவில் படம் ஓடுகிற மண்டபம்
சூப்பர்மார்க்கெட்டுக்கு மேலே, மூன்றாவது மாடி.
டிக்கெட் மூன்று எடுத்திருந்தேன்:
எனக்கு, தம்பி குணாளனுக்கு, அவன் மகனுக்கு.
ஜொகூர் பாலத்தில் நெரிசல், வரமுடியாது என்று
மதியம் ஒரு குரல் பதிவு அனுப்பினான்.
காசு வீணாகுதே என்று
அக்காவைக் கூப்பிட்டேன்.

"பொம்மைப் படமா? எனக்கு எதுக்குடா"
என்றபடியே சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்
கோகிலவாணி.
கைப்பையில் கச்சான்,
ஏசி குளிருக்கு ஒரு துண்டு.

டும்புவை உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.
தபால்காரத் தொப்பி போட்ட நீர்நாய்.
எல்லாக் கடிதத்தையும் தப்பான வீட்டில் கொடுக்கும்.
கொடுத்துவிட்டு வாலால் தலையைச் சொறியும்.
சனிக்கிழமை ஐந்தரை மணி.
கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி,
அதற்குள் மலாய் பேசும் நீர்நாய்,
முன்னால் நானும் குணாளனும் வாயைப் பிளந்தபடி.
அதன் பை சிவப்பு என்று நானே முடிவு செய்து
முப்பத்தாறு வருடம் வைத்திருந்தேன்.

திரையில் அது பச்சை.

முதல் அடி அங்கேயே விழுந்தது.
அடுத்தது, அந்தக் கதவைத் திறக்கிற பையன்.
இப்போது வழுக்கை. வங்கியில் கடன் பிரிவு.
மனைவியோடு பேச்சில்லை.
திங்கள் செவ்வாய் என்று பிரித்த மாத்திரை டப்பா,
என்னிடம் இருப்பதே தான், நீல மூடி.
டும்பு கதவைத் தட்டுகிறது.
அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.
"தப்பான வீடு" என்கிறான்.

இருட்டில் என்னைச் சுற்றி
நாற்பதைத் தாண்டிய மூக்குகள் உறிஞ்சின.
எண்ணெய் ஆலையில் எடைப்பாலம் பார்ப்பவன் நான்.
லாரி வளைவில் திரும்பும்போதே
எத்தனை டன் குலை என்று சொல்லிவிடுவேன்.
அன்றைக்கு ஒரு நீர்நாயைத்
தூக்க முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் சிரிப்பு.
வாலால் தலையைச் சொறிந்ததற்கு!
அக்கா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு
தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.
முன்வரிசைச் சிறுமி ஒருத்தி
திரும்பிப் பார்த்து, கூடச் சேர்ந்துகொண்டாள்.

"இது எப்பவும் இப்படித்தான் பண்ணுமா?"
"நீ பார்த்ததில்லையா?"
"கேட்டிருக்கேன்."

ஐந்தரை மணிதான் லயத்துக் குழாயில் தண்ணீர் விடும் நேரம்.
பதினொரு வயதுக்காரி
இரண்டு வாளியோடு போய்ப்போய் வருவாள்.
ஸ்டோரிலிருந்து அம்மா
ஒட்டுப்பால் நாற்றத்தோடு வருவதற்குள்
அரிசி களைந்து, அடுப்பு ஊதி,
எங்கள் சட்டையையும் கசக்கிப் போடவேண்டும்.
பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரித்தால்
அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது என்று
வைத்துக்கொள்வாளாம்.
"கரடி மாதிரி பெருசா இருக்கும்னு நெனச்சேன்டா.
குரல் அப்படி."

வேலையே கதி என்று இருக்காதே,
மகளோடு விளையாடு,
உனக்குள் ஒளிந்த சிறுவனைத் தேடு:
படம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தது.
நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், பையின் அடித்தையலில் சிக்கிய
பழைய கடிதம் ஒன்றை டும்பு எடுக்கிறது.
நீட்டுகிறது.
"ஐயோ, அவனுக்கு இல்ல, பக்கத்து வீட்டுக்கு!"
மண்டபமே திரும்பியது.
சரியாகத்தான் சொன்னாள்.

வெளியே மழை.
லாரி சிந்திய செம்பனைக் குலை ஒன்றை
ஒதுங்கிக் கடந்தேன்.
"பழைய கதை ஒண்ணு சொல்லு."
கல்யாணப் பத்திரிகையைச்
சாவு வீட்டில் கொடுத்த கதையைச் சொன்னேன்.
"அப்புறம்?"
"தெரியாது. நீ குளிக்கக் கூப்பிட்டுட்ட."

கொஞ்ச நேரம் வைப்பர் மட்டும் பேசியது.
பிறகு கச்சான் தோலை
டிக்கெட்டில் மடித்து வைத்துவிட்டு,
"சரி, நான் சொல்றேன் கேளு" என்றாள்.
"அந்தச் சாவு வீட்ல
ஒரு பொண்ணு பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்தா..."