பரிசோதகர்

போரா வீசும் நாளில் ட்ரியெஸ்தெ நகரத்தில்
குடை விற்பவன்கூடக் குடை விரிக்க மாட்டான்.
ஆய்வகத்து ஜன்னல் சட்டங்கள் பல்லை நறநறக்கின்றன.
இரவு பன்னிரண்டே கால்.
பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது நுண்நோக்கி.
ஆறிப்போன காபியோடு நான் காவல்.

தட்டின்மேல் எண் மட்டும்தான்: நாற்பத்தேழு.
பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ஆனால் அவளே வந்தாள் செவ்வாய்க்கிழமை,
கம்பளித் தொப்பிக்குள் தையல் தழும்போடு.
"என்னுடையதைக் காட்டு" என்றாள்,
அடகுக் கடையில் நகையைக் கேட்பவள் மாதிரி.

நெரீனா ஷ்கெர்க். வயது நாற்பத்திரண்டு.
பத்தாம் எண் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர்.

அறுவை நன்றாகத்தான் நடந்தது.
எலுமிச்சம்பழ அளவு. முழுசாக எடுத்தார்கள்.
ஸ்கேனில் இருந்த வெள்ளை எதுவும் மிச்சமில்லை.
ஆனால் அது கட்டி இருந்த இடம்.
கட்டி போன இடம் வேறு.

கட்டி என்ற சொல்லே பொய் சொல்கிறது,
கெட்டியாய், ஓரிடத்தில், விளிம்போடு இருப்பதுபோல.
இவை உதிரிகள்.
நினைப்பு ஓடுவதற்கென்று போட்ட வெள்ளை நரம்புப் பாதையில்
ரத்தக் குழாயைக் கைப்பிடிச் சுவராய்ப் பற்றிக்கொண்டு
ஒற்றை ஒற்றையாய்ப் போகின்றன.
ஒரு காலை நீட்டும். தடவிப் பார்க்கும்.
மிச்ச உடல் அப்புறம் வந்து சேரும்.
ஒரு நெல்மணி நீளம் கடக்க இரண்டு வாரம்.
அவசரமே இல்லை.

மருந்து தேடுவதோ அவசரக்காரர்களை.
இரண்டாய்ப் பிளக்கும் மும்முரத்தில் இருக்கிற செல்லைத்தான்
அது கழுத்தைப் பிடிக்கும். கதிரும் அப்படியே.
நடக்கிற செல் பிளப்பதில்லை,
பிளக்கிற செல் நடப்பதில்லை.
(பெரும்பாலும். விதியென்று எழுதினால்
எங்கள் துறைத் தலைவி சிவப்பு மையால் சுழிப்பார்.)

அது மட்டுமா.
கட்டியின் நடுவில் ரத்தக் குழாய்கள் ஓட்டைப் பானை,
மருந்து தானாய் ஒழுகி இறங்கும்.
இவை போய் ஒண்டிய இடத்தில்
மூளையின் அரண் இன்னும் பழுதாகவில்லை.
மூளையைக் காக்கும் கதவு
இவற்றையும் சேர்த்துக் காக்கிறது.
யாரை நோவது?
தப்பித் தவறி நுழைந்த மருந்து டி.என்.ஏவைக் கிழித்தால்
ஊசிநூலோடு உட்கார்ந்திருக்கிறது ஒரு புரதம்.
ஒரு செல் அடிபட்டால்
மெல்லிய இழைக் கை நீட்டித் தாங்குகிறது அடுத்தது.
வேறெங்காவது பார்த்திருந்தால்
அன்பென்று சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் சொன்னேன்.
அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூலையில் ஒன்று அசையாமல் கிடந்தது.
"அது செத்ததா?"
"இல்லை. இருக்கிறது."
சிரித்தாள். சிரித்தால் இடது கன்னம்
ஒரு கணம் பின்தங்கி வருகிறது.
"டிக்கெட் இல்லாதவன் ஓடுவான் என்று நினைப்பார்கள்.
ஓடுபவனைப் பிடிப்பது சுலபம்.
மற்றவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பான்.
பல நாள் நானே அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன்."
"தெரிந்தா?"
"மழை பெய்தது" என்றாள்.

நடையை நிறுத்தும் ஒரு பொருளை
இன்று மாலை தட்டில் சொட்டினேன்.
நின்றால் பிளக்கும். பிளந்தால் பிடிக்கலாம்.
பிடிக்கத் தவறினால்,
அந்த வாக்கியத்தை அவளிடம் நான் முடிக்கவில்லை,
அவளும் கேட்கவில்லை.

இரண்டே முக்கால். படம் வருகிறது.
ஏழு செல்கள் நின்றுவிட்டன.
எட்டாவது, அந்த மூலைக்காரி,
நடக்கவும் இல்லை, பிளக்கவும் இல்லை.
காற்று கதவை உலுக்குகிறது,
யாரோ உள்ளே வர வேண்டும் என்பதுபோல.

காலை ஒன்பதுக்கு அவளுக்குக் கதிர்,
முப்பதில் பதினேழாவது.
பத்தாம் எண்ணில்தான் போகிறாள்.
பணியாளருக்கு இலவசம்.
இருந்தும் தினம் ஒரு டிக்கெட் எடுத்து
இயந்திரத்தில் குத்திக்கொள்கிறாளாம்.
பதினாறு டிக்கெட்டுகள்
கோட்டுப் பையில் கசங்கிக் கிடக்கின்றன.
இதுவரை யாரும் கேட்கவில்லை.