மருந்து

"மருந்து ஒழுங்கா எடுக்கிறியா?"
இரும்புச்சத்து மாத்திரையைத்தான் கேட்டேன்.
சங்கவி திரும்பிக் கொல்லையைப் பார்த்தாள்.
தென்னையடியில் ஸ்ப்ரேயர்
கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.
"அவுருதான் அடிக்கிறாரு சிஸ்டர்.
நான் தண்ணிதான் மொண்டு ஊத்துறேன்."

ஏழாம் மாதம்.
எடை நாற்பத்தொன்று. ரத்தம் எட்டுப் புள்ளி இரண்டு.
கால் வீக்கம் இல்லை. தலைவலி உண்டு.
எந்தெந்த நாளில் என்று எழுத
அட்டையில் கட்டம் கிடையாது.
அவளாகவே சொன்னாள்:
"புகையானுக்கு அடிச்ச அன்னிக்கி.
அப்புறம் அவுரு சட்டையத் துவைச்ச அன்னிக்கி."

கொரடாச்சேரிக் கடைத்தெருவில்
மருந்துக்கடை இரண்டு, எதிரெதிரே.
ஒன்றில் காய்ச்சலுக்கு, ஒன்றில் குருத்துப்பூச்சிக்கு.
இரண்டிலும் சீட்டுக் கேட்பதில்லை.
யாரோ மருந்தைக் குடித்துவிட்டதாக
ராத்திரியில் ஆள் ஓடிவரும்போது மட்டும்
எந்தக் கடை என்று
ஒருவரும் கேட்பதில்லை.

குடிதண்ணீர் இருந்த வெள்ளைக் கேனில்
பாதி கிழிந்த லேபிள்.
"மூணு தடவ அலசிட்டேன், சோப்பு போட்டு."
பிடுங்கி மிதித்து நசுக்கினேன்.
அடுத்த வாரம் வேறு கேன்.
பச்சை மூடி.

வயல் பக்கம் போகாதே என்றேன்.
சிரித்தாள்.
வரப்பு முடிகிற இடத்தில்தான்
அவள் அடுப்பு.
கோரையாற்றுக் காற்று திரும்பினால்
சோற்றிலேயே வாசம் வருமாம்.
கதிர் பால் பிடிக்கிற நேரம் அது.
நாவாய்ப்பூச்சி உறிஞ்சிவிடும் என்று
அந்த வாரம் மட்டும் மூன்று முறை அடித்தார்கள்.
பயிரின் பாலுக்கு அவ்வளவு காவல்.

ஐப்பசி மழையில்
திருவாரூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோனோம்.
முப்பத்துநாலாம் வாரம். பெண்.
ஒன்றே முக்கால் கிலோ.
கண்ணாடிப் பெட்டிக்குள்
விலா எலும்பு ஏறி இறங்குவதை
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணிக்கை தவறினால்
மறுபடி ஒன்றிலிருந்து.

"தண்ணி மொண்டதாலயா சிஸ்டர்?"

டாக்டரிடம் கேட்டேன்.
இருக்கலாம், நிரூபிக்க முடியாதும்மா என்றார்.
அவர் சொன்னது சரிதான்.
அவள் மொண்ட குடங்களுக்கு
யார் கணக்கு வைத்தார்கள்?
காரணம் என்ற கட்டத்தில்
ரத்தசோகை என்று எழுதினேன்.
பொய்யில்லை.
ஓரத்தில் பென்சிலால்,
டேங்குக்குத் தண்ணீர், நாளைக்கு இருபது குடம்.
ஆய்வுக்கு வருகிறவர்
இதென்ன கிறுக்கல் என்பார்.
அழிரப்பர் என் பையிலேயே இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது
வீட்டுக்காரர் போன்.
"நம்ம மூணு மாவுலயும் இலைச்சுருட்டு இறங்கிடுச்சு.
மழ விட்டிருக்கு, நாளைக்கே மருந்து அடிச்சாவணும்.
ஆள் சொல்லிட்டேன்.
தண்ணி ஊத்த மட்டும் ஒரு பொம்பள ஆளு வேணும்.
ஒனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே."

மடியில் பதிவேடு.
ஊர்வாரியாக, மாதவாரியாக
எல்லாருடைய பெயரும்.

"என்ன, கேக்குதா?"

கேட்டது.