ஏறும் வண்டிக்கு

வத்தலக்குண்டில் டீ குடித்தபின்
மலைப்பாதையை என்னிடம் கொடுத்தார்.
கொடுத்தார் என்பது சரியில்லை.
மாவுக்கட்டுப் போட்ட வலது கையோடு
மதுரையிலிருந்தே இடப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.
சமதரையில் நான் ஓட்டியதைத்
தான் ஓட்டியதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.
"மலைக்கு மட்டும் ஆள் வெச்சுக்கலாம்" என்றார்.
சித்தரேவில் ஆள் கிடைக்கவில்லை.
கிடைக்காததற்கு நான் முருகனுக்கு நன்றி சொன்னது
செண்பகவல்லிக்குக் கேட்டிருக்காது.
அண்ணன் பேச்சுக்கெல்லாம் ஆமா போடுகிறவள்
பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்
கண்ணை மூடியிருந்தாள்.

கொண்டை ஊசி வளைவு என்று மஞ்சள் பலகை.
நாற்பத்தாறு வயது வரை
எனக்குத் தெரிந்த கொண்டை ஊசி
பல்லில் கடித்துக்கொண்டு
கேஸ் அணைத்தேனா என்று யோசிப்பது.
இது வேறு ஊசி.
ஹாரன். இரண்டாம் கியர்.
ஹாரனுக்குப் பதில் வந்தால் முதல் கியர்.
"மைதானத்துல போட்டது ஒரு எட்டுதான்க்கா,
மலை பூராவும் எட்டு" என்று
லைசென்ஸ் வாங்கித் தந்த பையன் சொன்னான்.
முடியாத எட்டு என்று சொல்லவில்லை.

அவருடைய வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.
வளைவுக்கு ஒரு மிதி.
வாய் பேசவில்லை, கால்தான் பேசுகிறது.
மாருதியின் தரை ஓட்டையாகி
சாலை தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பெரும்பாறைக்கு மேல் காற்று மாறியது.
"அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றாள் செண்பகம்.
ஓட்டுகிறவளுக்கு மலை என்பது
முன்னால் இருபது அடி தார்.
மிச்சத்தை முகர்ந்துதான் தெரிந்துகொண்டேன்:
போன வாரத்து மழைக்குப் பூத்த காப்பி,
மிளகுக்கொடி ஏறிய மரத்தின் ஈரம்,
யாரோ பலாப்பழம் பிளந்த இடம்,
பிறகு எங்கள் கிளட்ச்.

தடியன்குடிசைக்கு முன் ஒரு வளைவில்
மேலிருந்து அரசுப் பேருந்து
வளைவையே அடைத்துக்கொண்டு வந்தது.
நின்றேன்.
நிற்பது எனக்குப் பழக்கம்.
ரேஷன் கடையில், பந்தி முடியும் வரை,
பாதி வாக்கியத்தில்.
"ரிவர்ஸ் எடு, அவன் பெரிய வண்டி" என்றார்.
கை கியருக்குப் போய்விட்டது.
அதற்குள் பேருந்து
புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு
பின்னால் நகர்ந்தது.
ஐம்பது பேரோடு, கூரைமேல் வாழைத்தாரோடு,
நடத்துநர் இறங்கி விசில் ஊத ஊத,
பாறையில் முதுகு உரசும் வரை.
ஓட்டுநர் ஜன்னலில் கையை நீட்டி
வா வா என்றார்.
நான் யாரென்று பார்த்துச் செய்ததில்லை.
ஏறும் வண்டிக்கு வழி.
அவ்வளவுதான் சட்டம்.

தாண்டிக்குடி கடைத்தெருவில்
காப்பிக்கொட்டைச் சாக்குகளுக்கும்
தொங்கும் மழைக்கோட்டுகளுக்கும் நடுவே
ஒரு வண்டிதான் போகும்.
முருகன் இங்கிருந்து பழனிக்குத்
தாண்டிக் குதித்தானாம்,
தாண்டிக்குதி தாண்டிக்குடி ஆனதாம்.
டீக்கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச்
சில்லறை இருக்கா என்றார்.
சாமிக்கு வளைவில்லை, கியரில்லை.

ஊருக்கு அப்பால் கல்திட்டைகள்.
பக்கத்துக்கு ஒரு பலகைக் கல், மேலே ஒன்று.
யாரை வைத்து மூடினார்களோ,
எத்தனை ஆயிரம் வருஷமோ.
செண்பகம் எட்டிப் பார்த்து
"நல்லாக் காத்தோட்டமா இருக்கு" என்றாள்.
மேல்கல்லை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன்.
இதைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு
எதிரே யாராவது இறங்கி வந்திருப்பார்கள்.
ஒதுங்கினார்களா?

திரும்பும்போது இருட்டிவிட்டது.
பால் கேன்கள் குலுங்க ஒரு ஜீப் ஏறி வந்தது.
இப்போது நான் இறங்குகிறவள்.
அவர் கால் மிதிப்பதற்குள் நின்று
பின்னால் எடுத்தேன்.
கண்ணாடியில் சிவப்பாய்த் தடுப்புச் சுவர்,
ஒரு முழம், அரை முழம்.
அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து
"இன்னும் எடம் இருக்கு" என்றார்,
"இன்னும் கொஞ்சம். வா."

ஜீப்காரர் கடக்கும்போது
இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.
நானும் தூக்கினேன்,
ஜீப் மறைந்து, சத்தமும் மறைந்து,
ஸ்டியரிங்கை விடத் தைரியம் வந்த பிறகு.