பதினான்கு நாள் படிவம்

பெல்கெய்ராஸ் ஆலையிலிருந்து ஒரு ஜோடி வந்தது.
முப்பத்தேழாம் எண்.
கணுக்கால் எலும்பைப் பாதி மூடிவிட்டு
மீதியை மூடலாமா என்று யோசித்தபடி நின்றுவிட்ட உயரம்.
நீர்ப்பால் நிறம், குதியில் மட்டும் பாசிப்பச்சை.
கூடவே ஒரு படிவம்:
வசதி, பத்துக்கு எத்தனை?
தோற்றம், பத்துக்கு எத்தனை?

நான் போர்ட்டோவில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள்.
இந்த ஊரில் தெருக்கள் நடப்பதில்லை,
ஏறுகின்றன.
ஏறாதவை வழுக்குகின்றன.

முதல் நாள் கடித்தது.
வலது கால் வாயே திறக்கவில்லை.
இடது கணுக்காலில் ஓர் எஃகுத் தகடு, ஏழு திருகாணிகள்:
இரண்டு மழைக்காலத்துக்கு முன்
மிராகாயா படிக்கட்டு எனக்குத் தந்தது.
மெத்து மெத்தென்ற பட்டை
சரியாக மூன்றாம் திருகாணியின் மேல் வந்து உட்கார்ந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
நாய்க்குட்டிக் கடி. ஆழமில்லை, விடவுமில்லை.

மூன்றாம் நாள் மழை.
நனைந்த கருங்கல்லை அடிப்பாகம் கவ்விப் பிடித்தது.
நிலவறைக் கதவைத் திறந்த இஸ்மாயெல்
என் அடையாள அட்டையைப் பார்க்கவில்லை,
காலைப் பார்த்து "புதுசா?" என்றார்.
அவர் வீட்டு எண்களைத் தப்பாகக் குறித்துக்கொண்டு
மறுபடி இறங்கினேன், நாற்பத்தோரு படி.
வசதி: ஏழு.

ஐந்தாம் நாள், பாவாடையோடு கண்ணாடி முன்.
யாரோ என் காலை அளவெடுக்காமல் வெட்டியிருந்தார்கள்.
கால்சட்டையை ஒரு மடிப்பு மடித்தால் பரவாயில்லை,
இரண்டு மடித்தால்
பள்ளிக்கூட மணி அடித்துவிடும் போலிருந்தது.

எட்டாம் நாள் இரவு எவரிஸ்தோவுடன் சாப்பாடு.
வறுத்த மத்தி, முள் எடுக்கவே நேரம் போதவில்லை.
மேசைக்கடியில் காலை நீட்டி வைத்திருந்தேன்.
தழும்பு உள்ளே இருந்தது.
அவன் எதுவும் கேட்கவில்லை,
கேட்க எதுவும் தெரியவில்லை.
வீடு வந்து தோற்றத்துக்கு ஒன்பது போட்டேன்.
பிறகு வெட்கமாகி
அடித்து எட்டாக்கினேன்.

பத்தாம் நாள்
சாவோ பெந்தோ நிலையத்து நீள்பலகையில் குனிந்து
இடது காலில் மட்டும்
மேலிருந்து இரண்டு துளைகளின் கயிற்றை உருவினேன்.
பட்டை சற்றே வாய் பிளந்தது.
திருகாணிக்கு ஜன்னல் திறந்தாற்போல.
அன்று முழுக்க எனக்குக் கால் இருப்பதே ஞாபகம் வரவில்லை.
பத்துக்குப் பத்து என்றால் அதுதான்.

பதினான்காம் நாள் ஆலையிலிருந்து தெல்மா வந்தாள்,
கேமராவும் மெல்லிய மூக்குத்திணறலுமாக.
என் இடது காலைப் பார்த்துவிட்டு
"இதுதான்! இப்படித்தான் காட்டணும்!
அலட்சியமா, தொங்கவிட்டு"
என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டு
வலது கயிற்றையும் உருவத் தொடங்கினாள்.
அதற்குத் தேவையில்லை என்றேன்.
படம் எடுத்து முடித்துவிட்டாள்.

டிராம் நிறுத்தத்தில் வலதை மட்டும் மறுபடி கட்டினேன்.
படிவத்தின் கடைசிக் கேள்வி:
காசு கொடுத்து வாங்குவீர்களா?

இடது, ஆம்.
வலதைக் கேட்டுச் சொல்கிறேன்.