பிரிபடாத பாகம்

வங்கிக்கு நான் நிரப்பித் தரும் படிவத்தில்
பதினேழு கட்டங்கள்.
நான்கெல்லை, சாலை அகலம், கட்டடத்தின் வயது,
கூரை, தரை, குடிநீர்.
கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று,
கட்டைவிரல் அகலம்.

ஜாஸ்பர் மஸ்கட்டில் இருந்தார்.
டெல்பின் அவரைப் போனில் ஏந்திக்கொண்டு
கொல்லாவிளை வீட்டைச் சுற்றினாள்.
நான் டேப்போடு பின்னால்.
ஆறேகால் சென்ட், இரண்டு தென்னை, உறைக்கிணறு.
“கெணத்துக்குள்ள காட்டு.”
காட்டினாள்.
இருட்டின் ஓரத்தில்
தன் முகம்தான் சின்னதாகத் தெரிந்திருக்கும்.
“வெள்ளம் உண்டு” என்றார், நிறைவாக.

“காரு உள்ள வருமா?”
“வரும்” என்றான் புரோக்கர் தாணப்பன்.
“திரும்புமா?”
“ரிவர்ஸ்ல போயிக்கிடலாம்.”
அந்த ரிவர்ஸுக்கு
சென்ட்டுக்கு ஒரு லட்சம் கழித்தேன்.
நாலுவழிச் சாலை வந்தால் ஏறும் என்று
வராத சாலைக்கே எட்டு வருடமாக
ஏறி நிற்கிறது மிச்ச விலை.

வீட்டுக்காரர் விலை சொல்லுமுன்
“நீங்க எந்த சபை?” என்றார்.
டெல்பின் சொன்னாள்.
அவர் முகத்திலேயே இரண்டு லட்சம் இறங்கியது.
பதினேழில் அதற்குக் கட்டம் இல்லை.

அலுவலகத்தில் டைப் அடிக்கிற பையன்
‘கொல்லாவிலை’ என்று அடித்து வைத்திருந்தான்.
கொல்லாத விலை எந்த ஊரில் தம்பி?
சிவப்பு மையால் ஒரு கொம்பு போட்டு
ள ஆக்கினேன்.

மறுநாள் பார்வதிபுரம், நான்காவது மாடி.
பால்கனியில் மேம்பாலம், தள்ளி வேளிமலை.
ஆயிரத்து நூற்றுப் பத்து சதுர அடி காற்று.
மண், முந்நூற்று எழுபத்தெட்டு சதுர அடி,
பிரிபடாத பாகம்.
“முக்கால் சென்டும் சொச்சமும்” என்றேன்.
“அது எந்த எடத்துல?” என்றார் ஜாஸ்பர்.
கம்பெனிப் பையன் சிரித்தான்,
“எல்லா எடத்துலயும் சார்.”
“அப்ப ஒரு எடத்துலயும் இல்ல.
மண்ணு கூடும், கட்டடம் கொறையும், கேட்டியா டெல்பின்?”
தவறில்லை.
வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் என்று
நானே தேய்மானம் எழுதுகிறவள்.
அவள் லிஃப்ட் பொத்தானை
அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதேகால், போன்.
“மேடம், நான் கொல்லாவிளையில நிக்கேன்.”
“தனியாவா?”
“தனியாத்தானே இருக்கப்போறேன்.
அதான் எப்பிடின்னு பாக்க வந்தேன்.”
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
அரைமணி நேரம் இருந்திருக்கிறாள்.
பக்கத்து வீடு அபுதாபி.
அதற்கடுத்தது பூட்டு.
தெருவிளக்கு ஒன்று, நாய் மூன்று.
“பயமொண்ணும் இல்ல மேடம், சள்ளைதான்.
ஒரு தேங்கா விழுந்தாலும்
யாருன்னு நான்தான் கேக்கணும்.”

கடன் விண்ணப்பம் வந்தபோது
சொத்து: பார்வதிபுரம், 4ஆம் தளம்.
ஐம்பத்தேழரை.
இடையில் வேறொரு பார்ட்டி வந்து பார்த்ததாம்,
அந்தப் பார்வைக்கு அரை.
அரசு விலை ஒன்று, பேசிய விலை ஒன்று,
நான் எழுதியது மூன்றாவது.
‘மற்றவை’யில் முதல் தடவையாக ஏதோ எழுதினேன்:
இரவிலும் காவலாளி உண்டு, இருமுவது மேலே கேட்கும்.
மேலாளர் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

குடிபோன பிறகும்
ஜாஸ்பர் விடுவதில்லையாம்.
“நம்ம முக்கால் சென்டக் காட்டு.”
அவளும் போனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள்.
ஒரு நாள் லிஃப்டுக் குழி,
ஒரு நாள் மோட்டார் ரூம்,
ஒரு நாள் யாரோ ஒருவரின் கார் டயர்.
நேற்று
வாட்ச்மேன் மாதேவன் பிள்ளையின்
நாற்காலிக்கு அடியில் இருந்ததாம்.
“அண்ணாச்சி, கொஞ்சம் காலத் தூக்குங்க.”
அவர் தூக்கினார்,
இருமிக்கொண்டே.