விளிம்பு வரை

பருத்தி புடவையாய்க் காய்த்ததென்று சொல்வார்கள்.
எங்கள் பக்கம் அது
பீங்கானாய்க் காய்த்தது.

அடர்நீலத்தில் வெள்ளைப் பருத்தி,
வெடித்த காய் ஒவ்வொன்றைச் சுற்றியும்
பொன் கோடு.
ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் அது இல்லாத வீடு கிடையாது.
கல்யாணத்தில், இழவில், ரயில் பெட்டியில்,
கட்சி அலுவலக மேஜையில்
அதே பூ.
பூ என்றுதான் சொல்வோம்.
பூ இல்லை என்பது
பறித்தவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பரில் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவார்கள்.
கரும்பலகையில் பாதிக் கணக்கு நிற்கும்,
டிசம்பர் வரை.
பதினோரு வயதிலிருந்து எனக்கு
நாளொன்றுக்கு நாற்பது கிலோ.
உலர்ந்த காயின் முனை நகக்கண்ணில் ஏறும்.
கிண்ணத்தில் வரைந்தவர்
முனைகளை மழுக்கி வரைந்திருக்கிறார்.

அம்மா ஹோசியத்திடம் இரண்டு செட்.
ஒன்று எங்களுக்கு. பொன் தேய்ந்தது,
குடுவைக்கு மூக்கு உடைந்து
தகரக் குழாய் வைத்தது.
இன்னொன்று கண்ணாடி அலமாரிக்கு.
ஆறு கிண்ணங்கள், வாசலைப் பார்த்தபடி.
வருகிறவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.
யாரும் அதில் குடித்து நான் பார்த்ததில்லை,
இனோபத் வரும் வரை.

கூட்டுப்பண்ணைக் குழுத் தலைவரின் மனைவி.
மாலையில் எங்கள் மூட்டையைத் தராசில் ஏற்றி
"ஈரம்" என்று இரண்டு கிலோ கழிப்பாரே,
அவருடைய மனைவி.
மகன் இக்ரோமுக்கு என்னைக் கேட்டு
இரண்டு பெண்களோடு வந்தாள்.
அலமாரி திறந்த சத்தம்
தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.
விரிப்பின் நடுவில் ரொட்டி,
யாரும் பிய்க்கவில்லை.
பிய்த்தால் சம்மதம்.

எங்களிடம் ஒரு வழக்கம்:
மதிக்கிற விருந்தாளிக்கு
அரைக்கிண்ணத்துக்கும் குறைவாக ஊற்ற வேண்டும்.
குறைவென்றால், இருங்கள், மறுபடி கேளுங்கள்.
நிறைத்து ஊற்றினால்,
குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் தேநீரை மூன்று முறை
கிண்ணத்திலிருந்து குடுவைக்கே திருப்ப வேண்டும்.
அதுவும் வழக்கம்தான்.
யோசிக்க அவ்வளவு நேரம் இருந்தது.

இனோபத் காலிக் கிண்ணமொன்றைக் கவிழ்த்து
அடிமுத்திரையைப் பார்த்தாள்.
"முதல் தரமா, இரண்டாந்தரமா?"
பிறகு என் கையை எடுத்துக் கவிழ்த்தாள்,
அதே இரண்டு விரலால்.
"நல்ல கை. வேகமாகப் பறிக்கும்."

ஊற்றினேன்.
உள்விளிம்பின் பொன் கோட்டைத் தொட்டு,
தாண்டி,
கிண்ணத்தின் வாயில் வீங்கி நின்றது தேநீர்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
நாற்பது கிலோ பறிக்கிற கை, நடுங்காது.

கூட வந்தவர்கள் ரொட்டியைப் பார்த்தார்கள்.
அம்மா யாரையும் பார்க்கவில்லை.
எடுத்தால் சுடும், சிந்தும்.
எடுக்காவிட்டால் புரிந்துவிட்டதென்று ஆகும்.
இனோபத் குனிந்தாள்.
தொட்டிக்குக் குனியும் கன்றைப் போல
உதட்டைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனாள்.

அந்தப் பருவம் முழுக்க
எங்கள் மூட்டைகளில் நான்கு கிலோ ஈரம்.

ஆனால் அது பிறகு.
அன்று மாலை அம்மா
பேசாமல் கிண்ணங்களைக் கழுவினாள்.
ஐந்தை அலமாரிக்குள் வைத்தாள்,
இடைவெளி தெரியாதபடி தள்ளித் தள்ளி.
ஆறாவதை எங்கள் மேஜைக்குக் கொண்டுவந்து,
தகர மூக்குக் குடுவையைச் சாய்த்து
எனக்கு ஊற்றினாள்.

எவ்வளவு என்று எட்டிப் பார்த்தேன்.

அடியில் கொஞ்சம்.